வகுப்பறை விதிகளிலிருந்து குடிமைப் பண்பு எப்படி வருகிறது?

"பள்ளியில் ஒழுங்காக இருக்கப் பழகினால் நாளைக்கு நல்ல குடிமகனாக இருப்பான்" என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. ஆசிரியர் கூட்டத்திலும் பெற்றோர் பேச்சிலும் இதே கருத்து வேறு வேறு வார்த்தைகளில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, வகுப்பு அமைதியாக நடக்க வேண்டும் என்கிற தேவை. இன்னொன்று, பலர் சேர்ந்து வாழும் இடத்தில் தன் உரிமையையும் அடுத்தவர் உரிமையையும் அறிந்து, பொதுக் காரியத்தில் தன் பங்கைச் செய்யும் பழக்கம். இந்த இரண்டாவதைத்தான் குடிமைப் பண்பு என்கிறோம்.

முதலாவது கைகூடினால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். வராது. பிரம்புக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பு அமைதியாக இருக்கலாம். அங்கே குடிமைப் பண்பு துளிகூட இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது, விதி எப்படிப் பிறந்தது, யார்மீது எப்படிச் செயல்படுகிறது, தவறான விதியை எப்படி மாற்றுவது என்கிற அனுபவம்.

## விளையாட்டிலிருந்து தொடங்குவோம்

பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆட்டம் தொடங்குமுன் பாதி நேரம் பேச்சுவார்த்தையிலேயே போகும். எல்லைக்கோடு எது, தொட்டால் அவுட்டா, சின்னப் பையனுக்கு ஒரு வாய்ப்பு கூடுதலா என்று ஏகப்பட்ட கேள்விகள். நடுவில் தகராறு வரும். "அது செல்லாது" என்று ஒருவன் கத்துவான். "அப்படின்னா உனக்கும் செல்லாது" என்று இன்னொருத்தி மடக்குவாள். ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்து ஆட்டம் தொடரும். நடுவர் இல்லை, அபராதம் இல்லை. ஆனாலும் விதி நிற்கிறது. அது உடைந்தால் ஆட்டமே உடைந்துவிடும் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே இதையே உட்கார்ந்து ஆராய்ந்தார். கோலி விளையாடும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடி, "இந்த விதியை யார் போட்டது? இதை மாற்றலாமா?" என்று கேட்டார். அவர் கண்டதை 1932-ல் வெளியிட்டார். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள், விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்தது, மாற்றவே கூடாதது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சொன்ன குழந்தைகள்தான் ஆட்டத்தில் விதியை இஷ்டத்துக்கு மீறினார்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளோ, எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். விதியைக் கவனமாகப் பின்பற்றியவர்களும் அவர்கள்தான்.

இதில் ஆசிரியர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விதியைப் புனிதமாக நினைத்தவர்களைவிட, அது நாம் சேர்ந்து வைத்துக்கொண்ட ஏற்பாடு என்று புரிந்தவர்களே அதை அதிகம் மதித்தார்கள்.

வகுப்பறைக்கும் விளையாட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆட்டம் பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குப் போய்விடலாம். வகுப்பில் அது முடியாது. நாம் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு வருடம் முழுக்க இருந்தாக வேண்டும். ஒரு நாட்டில் வாழ்வதும் இப்படித்தான். வகுப்பறை இவ்வளவு நல்ல பயிற்சிக்களமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

## எல்லா விதியும் ஒரே ரகம் இல்லை

"பக்கத்தில் இருப்பவரை அடிக்காதே" என்பது ஒரு விதி. "பேசுமுன் கையைத் தூக்கு" என்பதும் ஒரு விதி. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேறு வேறு வகை. முதலாவது ஒருவருக்குத் தீங்கு நேராமல் காக்கிறது. அதை அறவிதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வேலை சுலபமாக நடக்க நாம் செய்துகொண்ட ஏற்பாடு. அதை வழக்கவிதி எனலாம்.

அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியலும் அவரோடு இந்தத் துறையில் உழைத்தவர்களும், இந்த வித்தியாசம் மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கே தெரியும் என்று காட்டினார்கள். "டீச்சர் பரவாயில்லை என்று சொன்னால் கையைத் தூக்காமல் பேசலாமா?" என்று கேட்டால், பேசலாம் என்பார்கள். "டீச்சர் பரவாயில்லை என்று சொன்னால் அடிக்கலாமா?" என்றால், "கூடாது, அவனுக்கு வலிக்கும்" என்பார்கள். யாரும் பாடம் நடத்தி வந்த அறிவு இல்லை இது.

அப்படியிருக்க, நாம் என்ன செய்கிறோம்? நோட்டுக்கு அட்டை போடாததற்கும், சக மாணவனைக் கேலி செய்து அழ வைத்ததற்கும் ஒரே குரலில் திட்டுகிறோம். சில இடங்களில் அட்டை போடாததற்குத்தான் திட்டு அதிகம். நாளாக ஆக, குழந்தை தன்னிடம் ஏற்கெனவே இருந்த தெளிவை இழக்கிறது. தப்பு என்றால் டீச்சருக்குக் கோபம் வருவது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறது.

வழக்கவிதிகள் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சாலையில் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பது வெறும் ஏற்பாடுதான். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் போகாவிட்டால் உயிர் போகும். ஒவ்வொரு விதிக்கும் அதற்குரிய காரணத்தைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். "கையைத் தூக்கினால் மெதுவாகப் பேசுகிறவர்களுக்கும் முறை கிடைக்கும்" என்று சொல்ல பத்து விநாடிகூட ஆகாது. காரணமே சொல்ல முடியாத விதி கண்ணில் பட்டால், அதை எடுத்துவிடுவது நல்லது.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் வைத்துக்கொள்வோம்: விதி ஒரு கூட்டு ஏற்பாடு என்று புரிந்தால் மதிப்பு கூடுகிறது, அந்தப் புரிதலுக்கு, எந்த விதி எதைக் காக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

## ஆசிரியர் வெளியே போனதும் என்ன நடக்கிறது?

கண்காணிப்பு இருக்கும்வரை நடப்பது கீழ்ப்படிதல். யாரும் பார்க்காதபோதும் அதையே செய்தால், விதி உள்ளே போய்விட்டது என்று பொருள். இதற்கு உள்வாங்கல் என்று பெயர். ஆசிரியர் அறையை விட்டு வெளியே போகும் ஐந்து நிமிடம்தான் இதற்கான பரீட்சை.

இந்தப் பரீட்சையை உண்மையிலேயே நடத்திப் பார்த்தவர்கள் உண்டு. கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகிய மூவரும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஆய்வு 1939-ல் வெளிவந்தது. ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து உத்தரவு போட்டார். இரண்டாம் வகை, குழுவோடு பேசி முடிவெடுத்தார். மூன்றாம் வகை, எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டார்.

உத்தரவுக் குழு, தலைவர் இருக்கும்வரை மும்முரமாக வேலை செய்தது. அவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசிய குழுவில் தலைவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. எப்படியோ போங்கள் என்று விடப்பட்ட குழுவில், கலந்து பேசிய குழுவைவிட வேலையும் குறைவு, மனநிறைவும் குறைவு.

இந்த மூன்றாவது முடிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜனநாயக வகுப்பறை என்றால் விதியே இல்லாத வகுப்பறை என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. பெரியவர் ஒதுங்கிக்கொண்டால் குழந்தைகளுக்குச் சுதந்திரம் கிடைப்பதில்லை. வலுவான பிள்ளை சொல்வதே சட்டமாகிவிடும், அவ்வளவுதான்.

## பந்து யாருக்கு? ஒரு விதி பிறக்கும் விதம்

ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். இடைவேளைக்கு ஒரே ஒரு பந்து. யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு என்பது வழக்கம். கொஞ்ச நாளில் புகார் வருகிறது: "டீச்சர், அவன் எப்பவும் பந்தை எடுத்துக்கிறான்."

ஆசிரியர் இதை அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். "இனிமேல் பந்து என்கிட்ட இருக்கும், நான் யாருக்குக் கொடுக்கிறேனோ அவங்க விளையாடுங்க." பிரச்சினை தீர்ந்தது. யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இருபது நிமிடம் ஒதுக்க மனமிருந்தால் வேறு மாதிரி நடக்கும். முதலில், புகாரை ஆளிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். "அவன் எடுத்துக்கிறான்" என்பது சண்டை. "ஏன் எப்போதும் அவனுக்கே கிடைக்கிறது?" என்று கேட்டால், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: அவன் உட்கார்ந்திருப்பது கதவோரத்து வரிசை. மணி அடித்ததும் ஓட அவனுக்கு இரண்டே எட்டு. ஆக, கெட்டவன் யாரும் இல்லை. விதிதான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆளைக் குறை சொல்வதிலிருந்து ஏற்பாட்டை ஆராய்வதற்கு நகரும் இந்த ஒரு அடி, பெரியவர்களின் அரசியல் பேச்சிலேயே அபூர்வம். பத்து வயதில் அதைப் பழகிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நல்லது!

அடுத்து யோசனைகள். சீட்டுக் குலுக்கலாம் என்பான் ஒருவன். நன்றாக விளையாடுகிறவர்களுக்குத் தரலாம் என்பாள் இன்னொருத்தி. வரிசைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது குரல் வரும். இங்கே ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கலாம்: "நாளைக்கு நீ எந்த வரிசையில் உட்காரப்போகிறாய், உனக்கு நன்றாக விளையாட வருமா வராதா, எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள். அப்போது எந்த விதியைத் தேர்ந்தெடுப்பாய்?" இது அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் விரிவாக முன்வைத்த சிந்தனைச் சோதனையின் எளிய வடிவம். பல்கலைக்கழகத்தில் நடத்தும் பாடம்தான். ஆனால் பந்துக்காக ஏங்கும் குழந்தைக்கு அது சட்டென்று புரியும்.

வரிசைக்கு ஒரு நாள் என்று முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்குச் சோதனை. அதற்குள்ளேயே ஓட்டைகள் தெரியும். மழை பெய்த நாளில் ஒரு வரிசையின் முறை வீணாகிறது. அடுத்த நாள் அவர்களுக்கா, அல்லது போனது போனதுதானா? தங்கள் முறை வந்தும் இரண்டு சிறுமிகள் கையில் பந்து வரவே இல்லை, மற்றவர்கள் தட்டிப் பறித்துக்கொள்கிறார்கள். தாளில் சமமாக இருக்கும் விதி மைதானத்தில் சமமாக இல்லை. மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும், திருத்த வேண்டும்.

விதி தோற்றுவிட்டதே என்று ஆசிரியர் சோர்ந்துபோக வேண்டிய இடம் இல்லை இது. சட்டங்கள் இப்படித்தான் வளர்கின்றன. நன்றாக நினைத்துப் போட்ட விதியும் எதிர்பாராத இடத்தில் யாரையாவது இடிக்கும். இடிபட்டவர் சொன்னால் காதுகொடுத்துத் திருத்த வேண்டும். குறை சொன்னால் விதி மாறும் என்று ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளை, அடுத்த முறை விதியை மீறாமல் கையைத் தூக்கிப் பேசும்.

## வாக்கெடுப்புக்கு வராதவை

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளைகள் கை தூக்கி முடிவு செய்யலாமா? கூடாது. ஒருவனை ஆட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று வகுப்பு முழுக்க வாக்களித்தாலும் அது செல்லாது. ஒருவரையும் காயப்படுத்தக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, எவருடைய படிப்பையும் கெடுக்கக் கூடாது, ஆபத்தான காரியம் கூடாது. இவை பெரும்பான்மைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டியவை. நாடுகளின் அரசியலமைப்புகள் அடிப்படை உரிமைகளைச் சாதாரண வாக்கெடுப்புக்கு அப்பால் வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஜனநாயகம் என்றால் பெரும்பான்மை சொல்வது மட்டுமே என்ற தவறான பாடத்தை வகுப்பிலேயே கற்பித்துவிட்டால், பிறகு அதைத் திருத்துவது கஷ்டம்.

இன்னொன்று. ஆசிரியர் தன் மனதில் முடிவு செய்துவிட்டு, ஒப்புக்கு அபிப்பிராயம் கேட்கக் கூடாது. பிள்ளைகள் ரொம்பச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட, "இது என் முடிவு, காரணம் இது" என்று நேராகச் சொல்வது எவ்வளவோ மேல். எதில் உங்கள் குரலுக்கு இடமுண்டு, எதில் இல்லை என்று தெளிவாகச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் இந்த எல்லையைத்தான் வரைகிறது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை கருத்துச் சொல்லலாம், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது 12-வது பிரிவு. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மாண்புக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும் என்கிறது 28-வது பிரிவு.

## மீறல் வரும்போதுதான் உண்மையான பாடம்

விதி போடுவதைவிட, அது மீறப்படும்போது நடப்பதைத்தான் பிள்ளைகள் கூர்ந்து பார்க்கிறார்கள். பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொல்லி ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டு ஆசிரியர் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பன் பெயர் விடுபடும். பென்சில் கேட்டவள் பெயரும் அரட்டையடித்தவன் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் ஏறும். திரும்பி வந்த ஆசிரியர் எதையும் கேட்காமல் பெயர் இருக்கிற எல்லோரையும் நிற்க வைப்பார். வகுப்பு அமைதியாகியிருக்கும். அதிகாரம் கையில் இருந்தால் வேண்டியவரைக் காப்பாற்றலாம் என்றும், நம் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்கப்போவதில்லை என்றும் முப்பது நாற்பது பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

முடிவு நமக்குச் சாதகமா என்பதை விட, முடிவெடுத்த விதம் நியாயமா என்பது பெரியது. இதை நடைமுறை நீதி என்பார்கள். நம் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைத்ததா, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, மரியாதையோடு நடத்தினார்களா என்பவை இதன் அடிப்படைக் கேள்விகள். அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1980-களில் சிகாகோவில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், மக்கள் சட்டத்துக்குப் பணிவதற்குத் தண்டனை பயத்தைவிட இந்த நியாய உணர்வு வலுவான காரணமாக இருந்தது. ஒருவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது இந்த உணர்வை அடியோடு அழிக்கும். அதை எந்தச் சூழ்நிலையிலும் என்னால் ஆதரிக்க முடியாது.

அபராதம் போட்டால் சரியாகிவிடாதா? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஒரு ஆய்வு 2000-ல் வெளிவந்தது. மாலையில் குழந்தையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. காத்திருக்கும் ஆசிரியரை நினைத்து அதுவரை இருந்த கூச்சம் போய், காசு கொடுத்தால் தாமதிக்கலாம் என்று ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. வகுப்பில் "பத்து முறை எழுது" என்பதும் பல சமயம் இப்படி ஒரு விலையாகவே மாறிவிடுகிறது. எழுதிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

இதற்கு மாற்று, கெட்டதைச் சீர்செய்ய வைப்பது. இதைச் சீர்செய் நீதி என்கிறார்கள். ஒருத்தி வரைந்த படத்தை இன்னொருவன் கிழித்துவிட்டான் என்றால், என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய நீ என்ன செய்வாய் என்று கேட்பது. புதுத் தாள் தேடிக் கொடுத்து, அவள் மறுபடி வரைந்து முடிக்கும்வரை கூட உட்கார்ந்து உதவுவது முட்டிபோடுவதைவிடக் கடினம். கிழித்த கை யாரைக் காயப்படுத்தியது என்று முகத்துக்கு நேராகத் தெரியும்.

இதை வெகுதூரம் கொண்டுபோனவர் போலந்து மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். வார்சாவில் 1912 முதல் இயங்கிய அவருடைய அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் உண்டு. அதன் சட்டத்தொகுப்பின் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புக்கும் வழக்கைக் கைவிடுவதற்கும் ஆனவை. கடுமை அதற்குப் பிறகுதான். இல்லத்தை விட்டு அனுப்பும் தண்டனை ஆயிரமாவது எண்ணில் இருந்தது. பெரியவர்கள்மீதும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக்மீதே பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், அவர் அந்தத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டார். 1942-ல் நாஜிகள் அந்தக் குழந்தைகளை திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தான் தப்ப வழியிருந்தும் அவர்களோடே போனார்.

ஆள்பவரும் விதிக்கு உட்பட்டவர் என்பதைச் சட்டத்தின் ஆட்சி என்கிறோம். வகுப்பில் கைபேசி கூடாது என்றால் ஆசிரியருக்கும் கூடாது. அவசரத் தேவை இருந்தால், அந்த விலக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதைவிடச் சுருக்கமான குடிமைப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சுருக்கமாக: விதி பிறந்த விதத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு, தீங்கு தடுக்கும் விதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு, மீறலில் விசாரணையும் சீர்செய்தலும், எல்லோருக்கும் ஒரே அளவுகோல். இவை நான்கும் சேர்ந்து இயங்கினால்தான் வகுப்பறை விதி குடிமைப் பயிற்சி ஆகிறது.

## பலன் தருகிறதா?

1999-ல் 28 நாடுகளில் சுமார் 90,000 பதினான்கு வயது மாணவர்களிடம் ஒரு சர்வதேசக் குடிமைக் கல்வி ஆய்வு நடந்தது. வகுப்பில் வெளிப்படையாகக் கருத்துச் சொல்லலாம், மாறுபடலாம் என்று உணர்ந்த மாணவர்களிடம் குடிமை அறிவும், பெரியவர்களானதும் வாக்களிப்போம் என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. இரண்டும் சேர்ந்து காணப்பட்டதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. வீட்டுச் சூழலும் பள்ளியின் வசதியும் இதில் கலந்திருக்கலாம். அதே சமயம், திறந்த பேச்சு வகுப்பைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு இந்த ஆய்வில் ஆதாரம் எதுவும் இல்லை.

## எங்கே தொடங்குவது?

வருடத்தின் முதல் நாளில் பத்து விதிகள் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் பிரச்சினையே வராதபோது எழுதிய விதி பிள்ளைகள் மனதில் ஒட்டாது. தீங்கு தடுக்கும் இரண்டு மூன்று விதிகளை மட்டும் முதல் நாளே நீங்கள் சொல்லிவிடுங்கள். மற்றதற்கு, பந்துத் தகராறு மாதிரி நிஜமான ஒன்று வரும்வரை பொறுத்திருங்கள்.

ஆறு ஏழு வயதுக்கு, காரணம் சொல்வதும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுவதும் போதும். எட்டு வயதுக்கு மேல் விதியை எழுதவும் திருத்தவும் முடியும். பதின்ம வயதில் வகுப்பு விதியோடு நிறுத்தினால் போதாது. பள்ளி விதி ஒன்று நியாயமில்லை என்று தோன்றினால், அதை யாரிடம், எப்படி எழுதி, என்ன காரணத்தோடு முறையிடுவது என்பதையும் பழக்க வேண்டும்.

விதியை எழுதியதும், அதை மறுபடி பேசப்போகும் தேதியையும் கீழேயே எழுதுங்கள். அந்த நாள் வந்ததும், பாடத்தைச் சற்று ஒத்திவைத்தாவது பதினைந்து நிமிடம் கொடுத்துவிடுங்கள். முதல் தடவையே அதைத் தள்ளிப்போட்டால், இரண்டாவது தேதியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.